லிஃப்ட்டுக்காரர் மகள் படியேறுகிறாள்

எறும்பு லிஃப்ட்டில் ஏறுவதை நிறுத்தி ஐம்பது நாள் கழித்துத்தான் அந்தக் கட்டடத்தில் அது ஒரு சேதியானது. ஏழு மாடி, மாடிக்கு நாலு வீடு, இருபத்தெட்டு வீட்டுக்கும் ஒரே லிஃப்ட். அதைப் பார்த்துக்கொள்கிறவர் எறும்பின் அப்பா. லிஃப்ட்டுக்காரர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குப் பெயர் ஒன்று உண்டென்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஓர் அறையும் ஆள் ஒருவர் நிற்கிற அளவுக்கு ஒரு சமையலறையும் அவர்களுக்கு. வாடகை கிடையாது. லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிற வரை இருந்துகொள்ளலாம் என்பது பேச்சு. அம்மா அதே அறையில் அந்த வீடுகளின் துணிகளை வாங்கி இஸ்திரி போட்டாள். மகள் கல்லூரியில் மருத்துவ ஆய்வகப் படிப்பு, இரண்டாம் வருஷம். நடக்கத் தொடங்கியதிலிருந்தே தன்னைவிடப் பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்ததால் எறும்பு.

காலையில் அவள்தான் இஸ்திரித் துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எட்டு மணிக்குக் கல்லூரி. நாலு மணிக்கு விட்டால் நகல் எடுக்கிற கடையில் எட்டு மணி வரை வேலை. அதற்குப் பிறகு சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் புத்தகம் இவளைப் படிக்கும். இப்படித் தலைக்கு மேல் வேலை கிடக்கிறவளுக்கு மலை ஏறுகிற ஆசை எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டதுண்டு. எறும்புக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் அறைக்கு ஒரே ஜன்னல். அதில் தெரிவது கார்களின் டயர். பத்தொன்பது வருஷமாக டயரைப் பார்த்தே விடிந்தவளுக்குக் கொஞ்சம் உயரத்தில் நின்று பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி மாதக் கடைசி ஞாயிறு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மலைக்கு நடக்கப் போவாள். கட்டணம் எதுவும் கிடையாது. பஸ்ஸுக்கு மாணவர் அட்டை இருக்கிறது. முதல் முறை சின்ன மலைக்குப் போனார்கள். பாதி வழியில் எறும்புக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உட்கார்ந்தவள் எழவில்லை. நூலகத்து அக்கா திட்டவில்லை. மற்றவர்களைத் தனியாக மேலே அனுப்பிவிட்டு, எறும்பின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கீழே இறக்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூட்டை தூக்கியே பேர் வாங்கியவளின் மூட்டையை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு வந்ததை எறும்பால் ஜீரணிக்க முடியவில்லை.

"பெரிய மலை ரெண்டு மாசம் கழிச்சு. எட்டுக் கிலோ பையோட ஆறு மணி நேரம் ஏறணும். பழகிட்டு வா," என்றாள் அக்கா.

பழகுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் எங்கே இருக்கிறது? எறும்பு யோசித்துப் பார்த்தாள். வாசலிலேயே நூற்று இருபத்தாறு படி சும்மா கிடந்தது. துணி கொடுக்கிற வேலையும் எப்படியும் இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அன்றிலிருந்து ஒரே நடையில் முடிகிற துணியை ஐந்து நடையாகப் பிரித்துப் படியிலேயே கொண்டுபோனாள். எடைக்கு, கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அறையில் போட்டுவைத்திருந்த இரும்புக் கட்டியைப் பழைய துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்தாள். ஆறு கிலோ தேறும். எங்கோ ஒரு பழைய லிஃப்ட்டைப் பிரித்தபோது அப்பா கொண்டுவந்தது, மஞ்சள் பெயின்ட் அடித்தது. பழைய சாமான் குவியலில் ஒரு ஜோடி ஆண்கள் ஷூ கிடைத்தது. ஒரு அளவு பெரிசு. இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாக இருந்தது. லிஃப்ட்டுக்குப் புதுக் கதவு வந்தபோது சுற்றியிருந்த தடித்த பிளாஸ்டிக்தான் மழைக்கு.

படிப்பையும் படியிலேயே வைத்துக்கொண்டாள். மாடிக்கு ஒரு கிருமி என்று கணக்கு. முதல் மாடிக்குப் போவதற்குள் முதல் கிருமியின் பெயர், வடிவம், எந்தச் சாயத்தில் எந்த நிறம் என்று சொல்லி முடித்துவிட வேண்டும். நாலாம் மாடிக் கிருமி மட்டும் சண்டித்தனம் செய்யும். பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும். அது வருகிற வரை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பாள். அப்போது பேப்பர் போடுகிறவரை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் பக்கத்தில் போகும். போகும்போது சுவருக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். இரும்பு இரும்பைக் கிள்ளுகிற மாதிரி. லிஃப்ட் என்றால் சத்தம் இருக்கும் என்று அவள் கிருமிக்குத் திரும்பிவிடுவாள்.

அப்பாவுக்கு இந்தப் படியேற்றம் பிடிக்கவே இல்லை. "மனுஷன் முட்டி தேயக்கூடாதுன்னுதான் நான் இருபத்திரண்டு வருஷமா கிரீஸ் பூசிக்கிட்டு இருக்கேன். என் வீட்டுலயே ஒருத்தி படியேறுறா," என்று அம்மாவிடம் முறையிட்டார். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போகட்டும் விடுங்க, கரண்டாவது மிச்சம் என்றாள்.

வினை ஏழாம் மாடியில் வந்தது. அங்கே தனியாக இருக்கிற டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் பார்க்கிற எல்லாவற்றையும் திருத்தாமல் விடமாட்டார். திங்கட்கிழமை காலை அவர் வாசலில் புடவைகளை எடுக்கும்போது பை சரிந்து இரும்புக் கட்டி தரையில் விழுந்தது. தரை அதிர்ந்தது. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அது என்ன என்று கேட்டார்.

"லிஃப்ட்டுல எடைக்கு வைக்கிற இரும்பு டீச்சர்," என்றாள் எறும்பு. உண்மையைத்தானே சொல்கிறோம் என்று அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் அந்த இரும்புக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன. லிஃப்ட்டிலிருந்து எடையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். இல்லை, கழன்று விழுந்ததைத்தான் அந்தப் பெண் ரகசியமாகக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எல்லாருக்கும் சேர்ந்தாற்போல நினைவு வந்தது: அந்தப் பெண் எத்தனை நாளாகவோ லிஃப்ட்டில் ஏறவே இல்லை. முதுகு வளைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியில் போகிறாள். லிஃப்ட்டுக்காரர் பெற்ற மகளே ஏறாத லிஃப்ட்டில் நாம் ஏறுவதா? செவ்வாய்க்கிழமை காலை கட்டடமே படியில் இறங்கியது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, கையில் பையோடு ஒருத்தர், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு டீச்சர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

குடியிருப்பவர்கள் சங்கத்துச் செயலாளர் கீழே வந்து, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சிலர் பேசுவதாகவும் சொன்னார். வேறு ஆள் வந்தால் இந்த அறை அவருக்குப் போகும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அப்பா எறும்பைத் திட்டவில்லை. "நாளையிலேர்ந்து லிஃப்ட்டுல போ. நாலு பேர் பாக்கற மாதிரி போ," என்றார்.

புதன்கிழமை காலை அவரே கூட வந்தார். துணிப் பையோடு எறும்பு உள்ளே நிற்க, கதவு மூடியது. அப்பா வலது உள்ளங்கையைப் பக்கத்துத் தகட்டில் பரப்பி வைத்துக்கொண்டார். கொஞ்ச மாதமாகவே எதையும் இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். வயதான பழக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். நாலைத் தாண்டியதும் டிக் என்றது. உள்ளே இன்னும் தெளிவாகக் கேட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஓர் இமைகூட அசையவில்லை.

"அப்பா, இங்க ஒரு சத்தம் வருதே."

"என்ன சத்தம்? வெண்ணெய் மாதிரி போகுது பாரு."

இறங்கும்போதும் டிக். மறுபடி ஏறும்போதும் டிக். அப்பா வைக்கிற டிவி சத்தத்துக்கு மேல் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியதும், கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவதும், வாயைப் பார்த்தே பேசுவதும் ஒவ்வொன்றாக எறும்பின் நினைவில் வந்து வரிசையில் நின்றன. மெஷின் பேசும், கேட்கத் தெரிந்தால் போதும் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிற மனிதர். அந்த மெஷின் அறையிலேயே இருபத்திரண்டு வருஷம் நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். அம்மா ஒரு சட்டைக் காலருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எறும்பு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா காலரை முடித்து, கைகளை முடித்து, சட்டையை மடித்து வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி."

"எப்பலேர்ந்து?"

"எட்டு மாசம் இருக்கும். குக்கர் நாலு விசில் அடிச்சிருக்கு, பக்கத்துல நின்னுக்கிட்டு இன்னும் விசிலே வரலேங்கறாரு."

எறும்புக்கு இன்னொன்று உறைத்தது. அப்பா எதையாவது காதில் வாங்காமல் போனால், செவிடன் காதில் ஊதின சங்கு என்பாள் அம்மா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். அந்தப் பழமொழியை அவள் வாயிலிருந்து கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"அவர்கிட்ட சொல்லவே இல்லையா?"

"சொன்னா என்ன பண்ணுவாரு? அவருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருக்காரு, நானும் இருக்கேன்." அம்மா அடுத்த சட்டையை உதறினாள். "அந்தச் சத்தம் ஆபத்தா?"

"தெரியலம்மா. அவருக்குக் கேட்டாத்தானே அவர் சொல்லணும்."

சொன்னால் அறை போகும். சொல்லாமல் விட்டு நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? இடுப்பில் குழந்தையோடு இறங்கியவளின் முகம் எறும்பின் கண்ணில் நின்றது. இரண்டு பேரும் ஜன்னல் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை எறும்பு நாலு பேர் பார்க்கிற மாதிரி லிஃப்ட்டில் போனாள். பெற்ற பெண்ணை வைத்தே நாடகம் ஆடுகிறார் என்று மூன்றாம் மாடியில் பேச்சு.

வெள்ளிக்கிழமை கார்களை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அப்பா துவைத்த சட்டை போட்டு, லிஃப்ட் சோதனையை எழுதிவைக்கிற புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். பேசுகிறவர்களின் வாயைப் பார்ப்பதற்கு வசதியாக முன்னால் நின்றுகொண்டார். இரும்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னார், கட்டியையும் காட்டினார். அப்படியென்றால் உங்கள் மகள் ஏன் படியில் போனாள் என்று செயலாளர் கேட்டார். எறும்பு எழுந்து மலையைப் பற்றிச் சொன்னாள். எட்டுக் கிலோ, ஆறு மணி நேரம், பழகுவதற்கு வேறு இடமில்லை.

கூட்டம் சிரித்தது. வேலை மெனக்கெட்டு யாராவது இரும்பைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்களா? அதற்கு லிஃப்ட் உடைந்திருக்கிறது என்பதையே நம்பிவிடலாம்போல இருந்தது அவர்களுக்கு.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "சரிம்மா, நீ சொல்றதையே வச்சுப்போம். ஐம்பது நாளா லிஃப்ட்டுப் பக்கத்துலயே ஏறி இறங்கியிருக்க. அதுல ஒரு குறையும் இல்லன்னு சொல்லுவியா?"

இல்லை என்று சொல்வதாகத்தான் அவள் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு அறை தங்கும். அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், முழு நம்பிக்கையோடு. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு சத்தம் வருது," என்றாள். பிறகு அப்பாவுக்காக இன்னொரு தடவை, மெதுவாக, வாயைத் திறந்து சொன்னாள். "டிக்னு. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

அப்பா சோதனைப் புத்தகத்தை மூடினார். "எத்தனை நாளா?"

"இருபது நாள் இருக்கும்பா."

அப்பா திரும்பி நடந்து போய், சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து லிஃப்ட்டின் மெயினை இறக்கினார். 'வேலை நடக்கிறது' பலகையைக் கதவில் மாட்டினார். திரும்பி வந்து எல்லாரையும் பார்த்து நின்றார்.

"இருபது நாளா என் பொண்ணுக்குக் கேக்கறது எனக்குக் கேக்கல. என் காது போச்சு. இன்னிக்கு நேத்து இல்ல, கொஞ்ச நாளாவே. மறைச்சது என் தப்பு," என்றார். "நாளைக்கு என்னன்னு பாத்து சரி பண்ணிட்டுச் சொல்றேன். அப்புறம் என்னை வச்சுக்கறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் படியில போங்க."

சனிக்கிழமை காலை அப்பா லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, அதை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். எறும்பு வெளியே படியில் அதே வேகத்தில் கூடவே ஏறினாள். சத்தம் கேட்கிற இடத்தில் இரும்புக் கட்டியால் கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளே சட்டத்தைப் பிடித்திருக்கிற அவர் கைக்கு அது தெரியும். முதல் தடவை தட்டினாள். அவர் இறக்கினார். மறுபடி ஏற்றினார். மறுபடி தட்டினாள். டீச்சர் மேலிருந்து இறங்கி வந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். ஒன்றையும் திருத்தவில்லை.

ஒன்பது மணிக்கு வியாதி அகப்பட்டது. கூண்டு ஆடாமல் சுவரோரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போவதற்கு லிஃப்ட்டுக்கும் ஒரு ஷூ உண்டு. அதற்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் தேய்ந்து, தண்டவாளத்தின் இணைப்பில் இரும்பு உரசியிருக்கிறது. அப்பா தேய்ந்த உறையைக் கொண்டுவந்து எறும்பின் கையில் வைத்தார்.

"ஆளைக் கீழ விழ வைக்காது. ஆனா இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா தண்டவாளத்தைத் தின்னிருக்கும். அப்புறம் என்ன ஆகும்னு சொல்ல முடியாது." துணியால் கையைத் துடைத்தார். "நான் படியில ஒரு நாளும் ஏறினதில்ல. ஏறியிருந்தாலும் கேட்டிருக்காது. நாளைக்குத்தானே உன் மலை?"

"நான் போகலப்பா. இங்க இப்படி இருக்கும்போது..."

"கட்டடத்தையே படியேற வச்சுட்டு நீ வீட்டுல உக்காரப் போறியா? போயிட்டு வா. புது உறை மாட்டறதுக்கு உன் அம்மா காது போதும். அவளுக்குப் பாம்புக் காது."

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி பஸ்ஸில் எறும்பு கிளம்பினாள். பையில் ஆறு லிட்டர் தண்ணீர், அவித்த முட்டை, ரொட்டி, கதவுப் பிளாஸ்டிக். நூலகத்து அக்கா தராசில் தூக்கிப் பார்த்து, எட்டேகால் என்றாள். மலை படிக்கட்டு மாதிரி இல்லை. ஒரு படி உயரம், ஒரு படி பள்ளம், பிடிப்பதற்குக் கைப்பிடி கிடையாது. நாலாம் மணி நேரத்தில் கெண்டைக்கால் முணுமுணுத்தது. கிருமிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறினாள். ஏழும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பதினொன்றரைக்கு உச்சியில் நின்றபோது, அவளுக்கு மேலே எதுவும் இல்லை. கீழே தூரத்தில் ரோடு தெரிந்தது, அதில் கார்கள் தெரிந்தன, டயர் தெரியவில்லை. காற்றும், புல்லும், எங்கேயோ ஒரு பறவையும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. இதெல்லாம் அப்பாவுக்குக் கேட்காதே என்று நினைத்தாள். முட்டையை உரித்துச் சாப்பிடுகிற வரை அந்த நினைப்பு போகவில்லை.

வீடு திரும்பியபோது அறை வாசலில் செயலாளர் ஒட்டிய தாள் இருந்தது. பழுது சரிசெய்யப்பட்டதைச் சங்கம் பார்த்துத் திருப்தி அடைகிறது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. லிஃப்ட்டுக்காரர் காதுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை காது கேட்கிற ஒருவர் தினமும் காலையில் படிவழியே கூட ஏறிச் சத்தம் கவனிக்க வேண்டும். அப்பா கடைசி வரியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

"உனக்குத்தான் உத்தியோகம் போட்டிருக்காங்க," என்றார் எறும்பிடம். "சம்பளம் படிக்கட்டு."

அந்த உத்தியோகத்தில் முதல் நாளே அவளால் சேர முடியவில்லை. திங்கட்கிழமை காலை எழுந்தால் தொடை இரண்டும் மரமாகிக் கிடந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து, துணிப் பையோடு லிஃப்ட் வாசலுக்கு வந்தாள். அப்பா கதவைத் திறந்து பிடித்தார். பால் வாங்கிக்கொண்டு வந்த டீச்சர் படியில் ஒரு காலை வைத்தவர், அந்த நடையைப் பார்த்து நின்றார். எந்த நாடகத்திலும் அந்த நடையை நடிக்க முடியாது.

"என்னடி, மலை ஏறிட்டியா?"

"ஏறிட்டேன் டீச்சர். இப்ப படிதான் ஏற முடியல."

டீச்சர் படியிலிருந்த காலை எடுத்துக்கொண்டு வந்து லிஃப்ட்டுக்குள் ஏறினார். வெளியே நின்ற இன்னும் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஏறினார்கள். கதவு மூடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மாறியது. அப்பா தகட்டில் கையை வைக்கவில்லை. நாலு வந்ததும் எறும்பின் முகத்தை மட்டும் பார்த்தார். எல்லாருமே மூச்சை அடக்கிக்கொண்டு அவளைத்தான் பார்த்தார்கள். ஐந்து வந்தது.

"என்ன கேக்குது?" என்றார் அப்பா.

"ஒண்ணும் கேக்கலப்பா."

"எனக்கும் அதேதான் கேக்குது," என்றார் அவர். எல்லாருக்கும் முன்னால் அவரே முதலில் சிரித்தார்.